கொல்லையில் கோழி காணவில்லை என்றால் யாரைத் தேடுவது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி, பின்புறம் பனைமட்டை வேலியும் அதற்கு அப்பால் சீமைக்கருவேலங்காடும் உள்ள ஒரு வீட்டிலிருந்து சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். பதினான்கு உருப்படி இருந்த கொல்லையில் இப்போது ஏழுதான் மிச்சம். ஏப்ரல் கடைசியில், தாயோடு மேய்ந்துகொண்டிருந்த மூன்று வாரக் குஞ்சுகளில் நான்கு பட்டப்பகலில் ஒவ்வொன்றாக மறைந்தன. சத்தமும் கேட்கவில்லை, இறகும் கிடைக்கவில்லை. பதினாறு நாளைக்கு முன், முட்டையிட்டுக்கொண்டிருந்த செவலைப் பெட்டை காலையில் மேயப் போனது, அந்தியில் கூட்டுக்குத் திரும்பவில்லை. நான்கு நாளைக்கு முன் இரவில் கீரி நிறச் சேவல் தலையில்லாமல் கூட்டுக்குள்ளேயே கிடந்தது. அதனுடன் இருந்த விடைக்கோழியைக் காணவில்லை, வேலியோரம் அதன் இறகுகள் மட்டும் கிடந்தன. கோழிகளுக்குப் பெயர் வைத்து வளர்த்த ஒன்பது வயது மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. பின்வீட்டுக்காரர் மீது சந்தேகம் இருக்கிறது. யார் எடுத்தது, எப்படித் தடுப்பது, மகளுக்கு உடனே வேறு கோழி வாங்கித் தரலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, குஞ்சுகள், செவலைப் பெட்டை, அந்த இரவில் போனவை என்ற மூன்று இழப்புகளும் ஒரே கணக்கு அல்ல. ஏழு உருப்படி போயிற்று என்று மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும்போது, எடுத்தது ஒரே கை என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவுக்குப் பொருத்தமான ஆளையும் அதுவே தேடிக் கொடுத்துவிடுகிறது. இந்தக் கடலோர ஊர்களில் கால்நடை ஆய்வாளராக முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அலைந்தவன், ஓய்வுக்குப் பிறகு தேவிபட்டினம் பக்கம் இருபது முப்பது நாட்டுக்கோழி வைத்திருப்பவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கோழி போன நேரம், போன இடம், விட்டுச்சென்ற மிச்சம் ஆகியவற்றை ஒவ்வோர் இழப்புக்கும் தனித்தனியே எழுதிப் பார்த்தால், பெரும்பாலான கொல்லைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட திருடர்கள் வந்து போயிருப்பார்கள். அவர்களில் இரண்டு கால் திருடன் அபூர்வமாகத்தான் இருப்பான். உங்கள் விவரங்களில் நேரமும் இடமும் மிச்சமும் தெளிவாக இருப்பதால் ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடிகிறது.

குஞ்சுகளிலிருந்து தொடங்குகிறேன். பட்டப்பகலில் ஒவ்வொன்றாக, ஓர் இறகுகூட மிச்சமில்லாமல் மறையும் குஞ்சை எடுப்பது பெரும்பாலும் மேலிருந்து வருவதுதான். காகமும் எடுக்கும், கரும்பருந்தும் எடுக்கும். நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற செம்பருந்துக்கு மீன் கழிவே முதல் உணவு. கோழிக்குஞ்சு அதற்கு எப்போதாவது வாய்ப்பது. நான் முதலில் சந்தேகிப்பது வல்லூறைத்தான். அது வானத்தில் வட்டமிட்டு முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. வேப்பமரத்தின் இலைச் செறிவுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்து, வேலி மட்டத்துக்குத் தாழப் பறந்து வந்து, ஒரே பாய்ச்சலில் எடுத்துக்கொண்டு போய்விடும். ஏறக்குறைய புறா அளவே உள்ள பறவையாதலால் வளர்ந்த கோழியை அது நெருங்குவதில்லை. மூன்று வாரக் குஞ்சோ அதன் பிடிக்குச் சரியான அளவு.

சத்தமே கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருக்கும், அதை நீங்கள் சத்தமாகக் கொண்டிருக்க மாட்டீர்கள். கோழிகளுக்கு அபாயக் குரல் இரண்டு உண்டு. நாய், பூனை, கீரி போலத் தரையில் வருவதைக் கண்டால் கழுத்தை நீட்டி நின்று, ஊருக்கே கேட்கும்படி ‘கொக் கொக் கொக்கே’ என்று விடாமல் கத்தும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாம் கம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிறோம். மேலே பருந்தின் நிழல் தெரிந்தால் கத்தாது. தலையை ஒருபுறம் சாய்த்து, ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டே, தொண்டைக்குள் மெல்லிதாக இழுத்து ஒரே ஒரு ஒலி எழுப்பும். அதைக் கேட்ட நொடியில் குஞ்சுகள் எல்லாம் கிடைத்த மறைவுக்குள் பதுங்கிவிடும். தாயும் உறைந்து நிற்கும். கொல்லை திடீரென்று அமைதியாகிவிட்டது என்றால், அந்த அமைதியே எச்சரிக்கை. ஒரு வாரம் காலையில் திண்ணையில் உட்கார்ந்து கவனித்தால் இரண்டு குரலையும் உங்கள் காது பிரித்துக்கொள்ளும். உங்கள் மகளுக்கு உங்களுக்கு முன்பே பிடிபட்டுவிடும்.

குஞ்சுகள் போன காலத்தையும் கவனிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். நாட்டுப்படகுகள் கடலுக்குப் போய்வந்தாலும், இறங்குதளங்களில் கழித்துப் போடும் மீன் அந்த நாட்களில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதை நம்பியிருந்த காகமும் கரும்பருந்தும் தெருநாயும் ஊருக்குள், கொல்லைகளுக்குள் திரும்புகின்றன. கோழிக் கணக்குக்காக நான் வைத்திருக்கும் நோட்டில் குஞ்சுகள் மிகுதியாகப் போன மாதங்கள் ஆண்டுதோறும் மே, ஜூன் ஆகவே இருக்கின்றன. ஆகவே எங்கள் வீட்டில் தை பிறந்தவுடன் அடை வைத்துவிடுகிறோம். தடைக்காலம் தொடங்கும்போது குஞ்சுகள் இரண்டு மாதத்தைத் தாண்டி, காகத்தை எதிர்த்து நிற்கிற அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. சித்திரை வெயிலில் சிறு குஞ்சு வைத்துக்கொண்டு தவிப்பதும் இதனால் மிச்சமாகிறது.

மிஞ்சியிருக்கும் குஞ்சுகளைத் தாயோடு சேர்த்துப் பஞ்சாரத்தில், அதாவது கோழி மூடும் கூடையில், கவிழ்த்து வையுங்கள். ஆறு வாரம் ஆகும்வரை நீங்கள் கொல்லையில் வேலையாக இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்துவிட்டால் போதும். மேலே வலை கட்டுவது நல்லது. கடலோரத்தில் இருப்பதில் நமக்குள்ள வசதி, பழைய வலைக்குப் பஞ்சமில்லை என்பது. ஆனால் எந்த வலை என்பதில் கவனம் தேவை. கழித்துப் போட்ட தங்கூசி (மெல்லிய நைலான் நரம்பு) வலையை யாராவது இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நரம்பில் கோழியின் கால் சிக்கினால் இழுக்க இழுக்க இறுகி, தோலை அறுத்துக்கொண்டு எலும்பு வரை போய்விடும். ஓணானும் சாரைப்பாம்பும் மாட்டிக்கொண்டு செத்துக் கிடக்கும். தடித்த நூலில் பின்னிய பழைய கரைவலைத் துண்டு இதற்கு ஏற்றது. தலைக்கு மேல் ஓரடி உயரத்தில் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள்; தொய்வாக இருந்தால் காகம் அதன் மேலேயே வந்து உட்காரும். கொல்லை முழுவதும் கட்ட இயலாவிட்டால், தீனி போடும் இடத்துக்கு மேல் மட்டுமாவது கட்டிவிட்டு, மற்ற இடங்களில் பழைய கயிற்றுக் கட்டில் ஒன்று, தாழ்வான சுரைப் பந்தல் ஒன்று, சாய்த்து வைத்த தென்னங்கீற்று இரண்டு என்று பத்தடிக்கு ஒரு பதுங்கிடம் அமைத்துக் கொடுங்கள். வல்லூறுக்கு இருப்பது ஒரே ஒரு பாய்ச்சல். குஞ்சு இரண்டு நொடியில் மறைவுக்குள் போய்விட்டால் அது வேறு கொல்லையைத் தேடிப் போய்விடும்.

பகலில் வரும் மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீரி பகலில் வரும். கழுத்தைக் கவ்வி வேலிக்குள் இழுத்துக்கொண்டு போகும். தாய்க்கோழி ஊரைக் கூட்டிவிடும் என்பதால் அது வந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடும்பு முட்டைக்கும் சிறு குஞ்சுக்கும் வரும். சாரைப்பாம்பும் நல்லபாம்பும் முட்டையை ஓடு மிச்சமில்லாமல் முழுதாக விழுங்கிவிடும். குஞ்சு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் பாதி விழுங்கித் துப்பிவிட்டுப் போகும், அந்தக் குஞ்சின் தலையும் கழுத்தும் நனைந்து ஒட்டியிருக்கும். வாய் அகன்ற தண்ணீர்த் தொட்டி, மூடாத உறைகிணறு ஆகியவற்றையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

இனி அந்த இரவுக்கு வருவோம். மேற்கே மறவர் ஊர்களில் சேவலின் நிறத்துக்குக் கீரி, வல்லூறு, காகம் என்று திருடர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதனால் கீரிச் சேவலைக் கீரிதான் கொன்றிருக்கும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் கீரிப்பிள்ளை பகலில் நடமாடும் பிராணி. நள்ளிரவில் அது தன் வளைக்குள் உறங்கும். நாயாக இருந்தால் ஒன்று இரண்டோடு நின்றிருக்காது. கம்பியைக் கிழித்து, கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக் குதறி, தின்னாமலேயே போட்டுவிட்டுப் போயிருக்கும். காட்டுப்பூனை முழுக் கோழியைத் தூக்கிக்கொண்டு போகுமே தவிர, ஒன்றைக் கூட்டிலேயே தின்றுவிட்டுப் போவதை நான் கண்டதில்லை. தலையையும் கழுத்தையும் தின்றுவிட்டு உடலை அங்கேயே போட்டு, இன்னொன்றை இழுத்துச் செல்வது மரநாயின் வேலைக்கு மிகவும் பொருந்துகிறது, புனுகுப்பூனையாகவும் இருக்கலாம். பெரிய ஆந்தையும் தலையைத்தான் தின்னும், ஆனால் அது மரத்தில் அடையும் கோழியைத் தாக்குமே ஒழிய மூடிய கூட்டுக்குள் நுழையாது.

பதநீர்க் காலம் இது. பாளையில் கட்டிய கலயத்துக்காக மரநாய் இரவில் பனை பனையாக ஏறி இறங்குகிற நாட்களில், பனைக்கு அடியில் இருக்கும் கோழிக்கூடு அதன் வழியிலேயே அமைந்துவிடுகிறது. உறுதி செய்துகொள்ள மதில் மேலும் கூரை முகட்டிலும் பாருங்கள். பழக்கொட்டைகள் செரிக்காமல் அப்படியே கலந்த எச்சம் கிடந்தால் வந்தது மரநாய்தான்.

அதைவிட உறுதியான வழி ஒன்று உங்கள் காலடியிலேயே இருக்கிறது. நம் நிலம் மணல். மாலையில் கோழியை அடைத்த பிறகு, கூட்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குக் கற்களைப் பொறுக்கிவிட்டு, ஈரத்துணியால் துடைத்ததுபோல் பலகையால் மணலைச் சமப்படுத்தி, மேலே சிறிது தண்ணீர் தெளித்து விடுங்கள். காலையில் மற்றவர்கள் நடப்பதற்கு முன் போய்ப் பாருங்கள். நான்கு விரலும் நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது குள்ளநரி. நான்கு விரல் வட்டமாக, நகமில்லாமல் இருந்தால் பூனை இனம். ஐந்து விரல் பதிந்திருந்தால் கீரி அல்லது மரநாய். கீரியின் தடத்தில் நீண்ட நகங்கள் விரலைத் தாண்டிக் குத்தியிருக்கும், மரநாயின் தடத்தில் நகம் அவ்வளவாகத் தெரியாது. நகமுள்ள கால்தடங்களுக்கு நடுவே வால் இழுபட்ட நெளிகோடு இருந்தால் உடும்பு. செருப்புத் தடம் இருந்தால் அதன் அர்த்தம் உங்களுக்கே தெரியும். மூன்று நாள் செய்தால் போதும். நடு இரவில் கண்விழித்து டார்ச் அடித்துக் காத்திருப்பதைவிட இது பயனுள்ளது. கோழிக்கும் உறக்கம் கெடாது.

கூட்டைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரிகளில்தான் காரணம் இருக்கிறது: மீன்பெட்டிப் பலகையில் அடித்த கூடு, முன்புறம் கோழிவலை, கூரைக்கும் பலகைக்கும் நடுவே காற்றுக்காக ஒரு கை நுழையும் இடைவெளி. அந்த இடைவெளியில் மரநாய் உடலைத் தட்டையாக்கிக்கொண்டு தாராளமாக நுழைந்துவிடும். கோழிவலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கம்பி கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வெளியே இருப்பதை நிறுத்தாது. அதிலும் நம் உப்புக்காற்றில் இரண்டு மழை கண்டால் மடிப்புகளில் துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்துவிடும். இடைவெளியை அடைத்துவிடாதீர்கள், காற்றில்லாமல் மே மாத இரவில் கோழிகள் வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கிவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கி அந்த இடைவெளிக்கும் முன்புறத்துக்கும் போடுங்கள். ஆணியில் மாட்டிவிட்டால் போதாது, மேலே ரீப்பர் கட்டை வைத்து இறுக்குங்கள். வெட்டிய ஓரங்களில் பெயிண்ட் அடித்துவிடுங்கள். கதவுக்கு வளைகம்பிக் கொக்கி மட்டும் போதாது. அதைத் தட்டித் தட்டி எழுப்பிவிடும் பிராணிகள் உண்டு. தாழ்ப்பாளும் அதில் செருகும் ஊசியும் வேண்டும்.

அடிப்பக்கம் இன்னும் முக்கியம். செம்மண் நிலத்தில் ஒரு முழம் தோண்ட நாய்க்கு அரை மணி நேரம் ஆகும். நம் மணலில் ஐந்து நிமிடம் போதும். கூட்டை இரண்டடி உயரக் கால்களில் தூக்கி வைப்பதே எளிய வழி. தரையில்தான் இருக்க வேண்டுமானால், கூட்டின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையோடு விரித்து, மேலே நாலு விரல் மணல் மூடி, செங்கல் உடைசலைப் பரப்புங்கள். தோண்டும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். கம்பியில் நகம் பட்டதும் பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. பழைய வீடுகளில் கண்டதைப் பார்த்து யாராவது கடலிலிருந்து பவளக்கல் எடுத்து வந்து போடச் சொன்னால் செய்யாதீர்கள். அதை எடுப்பது சட்டப்படி குற்றம். பலகைத் தளத்தின் சந்துகள் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் பெருச்சாளி கீழிருந்து குஞ்சின் காலைப் பிடித்து இழுக்கும். வேலிக்கு அப்பால் இருக்கும் கருவேலத்தைப் பத்துப் பதினைந்து அடிக்காவது வெட்டித் தெளிவாக்க முடிந்தால் வெட்டுங்கள். யாராவது கரிமூட்டத்துக்காக அந்தக் காட்டை மொத்தமாக வெட்டத் தொடங்கினால், அந்த வாரம் முழுவதும் கூட்டில் கூடுதல் கவனம் வையுங்கள். உள்ளே குடியிருந்தவை எல்லாம் போக்கிடம் தேடி வெளியேறும் நாட்கள் அவை. ஐப்பசி, கார்த்திகையில் தாழ்வில் தண்ணீர் நிற்கும்போதும் இதே நிலைமைதான்.

இத்தனை கம்பிக்கும் பலகைக்கும் மேலான ஒன்று, அந்தியில் எண்ணி அடைப்பது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. காலடியில் வந்து நிற்கும் மரநாயைக்கூடக் காணாது. ஆகவே இரவில் திறந்திருக்கும் கூடு என்பது சாப்பாடு எடுத்து வைத்த தட்டுதான். மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் அல்லது விளக்கு வைப்பதற்குள் என்று ஒரு நேரத்தை வீட்டில் முடிவு செய்துகொண்டு, ஒரு கைப்பிடி குருணையைக் கூட்டுக்குள் போட்டுக் கூப்பிடுங்கள். பத்து நாளில் அவையே நேரத்துக்கு வரிசையில் வந்து நிற்கும். யார் அடைக்கிறாரோ அவரே எண்ண வேண்டும். ஒருவர் அடைத்து மற்றவர் எண்ணும் வீட்டில்தான் கதவு திறந்தே கிடக்கும்.

பின்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். வேலையில் இருந்த காலத்தில் என் கருங்கால் பெட்டை ஒன்று காணாமல் போனது. பக்கத்துக் குடியிருப்பில் வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவரிடம், ‘நேற்று உங்கள் வீட்டில் கோழிக்குழம்பு வாசனை அடித்ததே’ என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கையிலிருந்த வலையூசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று வாரம் கழித்து, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வத்தையின் (நாட்டுப்படகின்) அடியிலிருந்து என் பெட்டை எட்டுக் குஞ்சுகளோடு வெளியே வந்தது. அதை என்னிடம் வந்து சொன்னது அவருடைய பிள்ளைதான். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். ‘அதுக்கென்ன சார்’ என்றார். ஆனால் அதற்கு முன் அவர் என்னைத் ‘தம்பி’ என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்.

மனிதர் திருடுவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆடி மாதம், கொடை, கிடாவெட்டு நாட்களை ஒட்டி, எடை கூடிய சேவலாகப் பார்த்து, ஒரே இரவில் நாலைந்து உருப்படி, இறகு உதிராமல், தாழ்ப்பாள் முறையாகத் திறந்து மூடிய நிலையில் போனால் அது மனிதர்தான். உங்கள் இழப்பில் இந்த அடையாளம் ஒன்றுகூட இல்லை. அப்படி நேர்ந்தால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். கோழிதானே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல் தடவைக் குற்றமாகவும் இருந்து, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையே தண்டனை என்று வைத்திருக்கிறார்கள். அடையாளத்துக்காகக் கோழிகளின் காலில் நிற வளையம் மாட்டி வையுங்கள். வளர வளரத் தளர்த்தி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சதையில் இறங்கிவிடும்.

கோபத்தில் செய்யத் தோன்றும் காரியங்கள் சில உண்டு. மீன் தலையில் குருணை மருந்தை, அதாவது பயிருக்குப் போடும் பூச்சிக்கொல்லியை, தடவி வேலியோரம் வைப்பது அவற்றில் மிக மோசமானது. அதை மரநாய் தின்பதற்கு முன் தெருநாய் தின்னும், காகம் தின்னும், மிச்சத்தை உங்கள் கோழியே கொத்தும். கையில் எடுத்து விளையாடக் குழந்தைகளும் இருக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் இழுத்துவிட்டு ஆள் செத்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். சுருக்குக் கண்ணியும் வேண்டாம். கீரி, மரநாய், உடும்பு, வல்லூறு எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொன்றாலும் பிடித்தாலும் வழக்கு உங்கள் மேல்தான் வரும். அதைத் தவிரவும், கீரியை விரட்டிவிட்ட கொல்லையில் பெருச்சாளியும் பாம்பும் பெருகுவதை நான் பல ஊரில் கண்டிருக்கிறேன். கூட்டுக்குள் பாம்பைக் கண்டால் கோழியைத் திறந்துவிட்டு, விலகி நின்று, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். சேவலை ஊருக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல வேண்டாம். வேலியோரத்து இறகுகளை அவள் உங்களுக்கு முன்பே பார்த்திருப்பாள். மரநாய் எடுத்தது, அதற்கும் பசி, நாம் கூட்டைச் சரியாக மூடவில்லை, இனி மூடுவோம் என்று உள்ளதைச் சொல்லலாம். ‘நாம் மூடவில்லை’ என்று சொல்லுங்கள், ‘நீ மூடவில்லை’ என்று தப்பித்தவறியும் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தி நேரத்தில் கோழியை அடைப்பது அவள் வேலையாக இருந்திருந்தால், அவள் சாப்பிடாததற்குக் காரணம் துக்கத்தைவிட அந்த எண்ணமாகத்தான் இருக்கும். சேவலைப் புதைத்தீர்களா, குப்பையில் போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கருவேலங்காட்டுக்குள் வீசியிருந்தால், வந்த பிராணிக்கு மறுபடி வரும் வழியைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். இனி எது இறந்தாலும் மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு தென்னங்கன்றையோ முருங்கைப் போத்தையோ அவள் கையால் ஊன்றச் சொல்லுங்கள். மணல் தடத்தைக் காலையில் பார்த்து நோட்டில் வரைவதை அவளுக்கே வேலையாகக் கொடுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அது துப்பறியும் வேலை. அந்தப் பிராணியின் மேல் உள்ள பயமும் அதன் காலடியை அளந்து பார்க்கும்போது சற்றுக் குறையும்.

புதுக் கோழி இப்போது வேண்டாம். கூடு சரியாகி, பத்து இரவு எதுவும் நேராமல் கழிந்த பிறகு வாங்கலாம். இப்போது இருக்கும் ஏழும் மிரண்டு போயிருக்கும். முட்டை நின்றிருக்கும், சில அந்தக் கூட்டுக்குள் நுழைய மறுத்து மரத்தில் ஏறப் பார்க்கும். கூட்டைக் கழுவிக் காயவைத்து, வைக்கோலை மாற்றி, ஐந்தாறு நாள் பகலிலும் உள்ளேயே வைத்துத் தீனி போட்டால் மறுபடி பழகிக்கொள்ளும். வாங்கும்போது ஒற்றைக் கோழியாக வாங்காதீர்கள். பழையவை அதைக் கொத்தியே ஒடுக்கிவிடும். ஒத்த வயதில் இரண்டு மூன்றாக வாங்கி, இரண்டு வாரம் தனியே வைத்து, கழிச்சல், சளி இல்லை என்று பார்த்த பிறகே சேருங்கள். வெள்ளைக்கழிச்சல் வந்த கோழி ஒதுங்கி, புதருக்குள் போய்ச் சாவதால் அதையும் பலர் ‘காணவில்லை’ என்று எண்ணிக்கொள்கிறார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்துத் திருகி நின்றால் அதுதான். ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள்.

செவலைப் பெட்டையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அது உயிரோடு இருக்கக்கூடும் என்று நான் நினைப்பதுதான். பகலில், ஓர் இறகும் உதிராமல், ஒரு கொக்கரிப்பும் இல்லாமல், முட்டையிடும் பருவத்தில் உள்ள பெட்டை மட்டும் போனது என்றால் முதலில் தேட வேண்டியது அதன் கள்ள அடையை, அதாவது யாருக்கும் தெரியாமல் அது அடைகாக்கும் இடத்தைத்தான். போவதற்கு முந்தைய இரண்டு வாரம் அது கொக்கரித்துக்கொண்டு வந்தும் முட்டைப் பானையில் முட்டை இல்லாமல் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தது என்றால் அந்த முட்டைகளெல்லாம் ஓரிடத்தில் சேர்ந்திருக்கின்றன. அடை 21 நாள். பதினாறு போய்விட்டதால் இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. காவோலைக் குவியல், விறகு அடுக்கு, தாழைப்புதரின் அடி, கவிழ்த்த படகு, பாழடைந்த கழிப்பறை என்று நிழலும் மூன்று பக்கம் மறைவும் உள்ள இடங்களைப் பாருங்கள். கையை விடாதீர்கள், நீளக் கம்பால் ஓலையைத் தூக்கிப் பாருங்கள். அதே நிழலைப் பாம்பும் விரும்பும். தேடிக் கிடைக்காவிட்டால் வேலியோரம் தண்ணீரும் கொஞ்சம் கம்பும் வைத்துவிட்டு, தொலைவில் உட்கார்ந்து கவனியுங்கள். அடைக்கோழி நாளுக்கு ஒரு முறை, கால் மணி நேரம் போல இறங்கி வந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு அவசர அவசரமாகத் தின்றுவிட்டு, பெரிய உருண்டையாக எச்சமிட்டு, நேரே கூட்டுக்கு ஓடும். அதன் பின்னாலேயே ஓடாமல் கண்ணால் மட்டும் தொடருங்கள்.

இடம் தெரிந்துவிட்டால் பகலில் தொட வேண்டாம். மிரண்டு அடையை விட்டுவிடும். நன்றாக இருட்டிய பிறகு, விளக்கை மறைத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் கோழியை இறக்கையோடு சேர்த்து அணைத்துத் தூக்க, மற்றவர் முட்டைகளை மணல் பரப்பிய கூடையில் அதே அடுக்கில் எடுத்து வைத்து, வீட்டுக்குள் ஓர் இருண்ட மூலையில் கூடையை வைத்து, கோழியை மேலே உட்காரவைத்துப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டுவிடுங்கள். காலையில் சாக்கை மெல்ல விலக்கிப் பாருங்கள். அது எழுந்திருக்காமல் உங்களைப் பார்த்து உறுமினால் முட்டையை ஏற்றுக்கொண்டுவிட்டது.